ஐந்து லட்சத்தில் ஒருத்தி

அனுப்புநர்: ஜெராக்ஸ் கடைக்காரி, கடைத்தெரு, கோட்டுச்சேரி, காரைக்கால் மாவட்டம்.

பெறுநர்: செயலாளர், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி.

பொருள்: இணையப் பாதுகாப்புப் படையில் சேர விண்ணப்பம். காலதாமதத்துக்கு யார் வருத்தம் தெரிவிப்பது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பார்வை: தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை, 2013.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

5 ஆண்டுக்குள் 5 லட்சம் இணையப் பாதுகாப்பு வல்லுநர்களை உருவாக்குவோம் என்று 2013 ஜூலையில் கொள்கை வெளியிட்டீர்கள். அந்த 5 ஆண்டு 2018-லேயே முடிந்துவிட்டது. கோட்டுச்சேரிக்கு வரவேண்டிய பங்கு இன்னும் வந்து சேரவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. ரேஷன் கடைகளே பல வருஷம் மூடிக் கிடந்த யூனியன் பிரதேசம் இது. காத்திருப்பது எங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் மூட்டை எங்கே நிற்கிறது என்றாவது தெரிந்தால் நல்லது.

என் தகுதி: பி.ஏ. தமிழ். கடை வைத்து 20 வருஷம் ஆகிறது. பென்ஷன், வருமானச் சான்று, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் என் கடையில்தான் நிரப்பப்படுகின்றன. பாதி ஊரின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்; மீதிப் பாதி பாஸ்வேர்டை மறந்துவிட்டு என்னிடமே வந்து கேட்கும். ஓடிபியைச் சத்தமாகப் படிக்காதீர்கள் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இல்லை. சம்பளமும் இல்லை.

போன வருஷம் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரம் பார்த்து விசாரித்தேன். பொறியியல் பட்டம், சரளமான ஆங்கிலம், 25 வயதுக்குள், பெங்களூருக்கோ நொய்டாவுக்கோ வரத் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு வயது 52. எல்லையில் இருக்கிற பூவத்தைத் தாண்டினாலே எனக்கு வெளியூர். பெண்களுக்கென்றே 2018-இல் சைபர்சிக்ஷா என்று ஒரு பயிற்சி தொடங்கினார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். அதுவும் பொறியியல் படித்த பெண்களுக்குத்தான். அப்படிப் பார்த்தால் இணையக் கள்ளன் எங்களிடம் வரும் முன்பாவது பட்டம் கேட்டிருக்க வேண்டும்.

அவன் கேட்கவில்லை. கோட்டுச்சேரிமேட்டில் மீன் விற்கிற எங்கள் அத்தாச்சிக்கு வீடியோ கால் போட்டான். காக்கிச் சட்டை, பின்னால் கொடி. மும்பை போலீஸாம். அவர் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்தாம். டிஜிட்டல் கைதாம். முழுப் பெயரையும் சொல்லி அதட்டினான். அது ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் மட்டும் குடியிருக்கிற பெயர். "தம்பி, அந்தப் பேரைச் சொல்லி என் புருஷனே கூப்பிட்டதில்ல. நீ யாரு, எந்த ஊரு?" என்றார் அத்தாச்சி. தனி அறைக்குப் போய்க் கதவைச் சாத்து என்றான். "ஏவாரத்த யாரு பாக்குறது? நீ வந்து பாக்குறியா?" என்று போனை ஐஸ் பெட்டியில் சாய்த்துவைத்துவிட்டுக் கொடுவாயை அரிய உட்கார்ந்தார். பக்கத்துக் கூடைக்காரிகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்கள். அவனே லைனைத் துண்டித்துக்கொண்டான்.

இந்திய சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது என்பது அத்தாச்சிக்குத் தெரியாது. ஆளைத் தனியாக்கினால்தான் இந்த மோசடி பலிக்கும் என்பது தெரியும். சட்டம் தெரிந்த பெரிய மனிதர்கள் சிலர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சேமிப்பு முழுவதையும் அனுப்பிவைத்தார்கள்.

ஆள் எடுப்பதில் நீங்கள் கள்ளனிடம் பாடம் கேட்கலாம். சாதி, ஊர், மொழி எதையும் அவன் ஒதுக்குவதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று விளம்பரம் போட்டு நம் பையன்களை மியான்மரின் மியாவடிக்குக் கடத்திப் போனான். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அக்டோபரில் தமிழர் 13 பேர் மீண்டு வந்து சென்னையில் இறங்கினார்கள். மோசடி செய்ய மறுத்தவர்களுக்கு அடியும் உதையும். இதில் பகடி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. அவர்களும் வேலை தேடிய பிள்ளைகள்தான். நீங்கள் தேடுவதாகச் சொன்ன அந்த 5 லட்சத்தில் சிலராக இருந்திருக்க வேண்டியவர்கள், அவ்வளவுதான்.

முன்மாதிரி வேண்டுமென்றால் இரண்டாம் உலகப் போருக்குப் போங்கள். ஜெர்மானியரின் சங்கேதத்தை உடைக்க பிரிட்டன் பிளெட்ச்லி பார்க்கில் ஆள் சேர்த்தபோது சதுரங்கக்காரர்களையும் மொழி படித்தவர்களையும் எடுத்தது. 1942-இல் ஒரு நாளிதழின் குறுக்கெழுத்துப் போட்டியில் தேறியவர்களைக்கூட அழைத்தது. அங்கே இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் பெண்கள். நானும் வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்தை முடிக்காமல் கடையைப் பூட்டுவதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் எங்கள் எல்லையில் உள்ள நண்டலாறு செக்போஸ்ட்டில் ஒரு நாள் நில்லுங்கள். எங்கள் பக்கத்து மலிவுச் சரக்கு எந்தப் பையில், எந்தச் சேலை மடிப்பில் தமிழ்நாட்டுக்குப் போகிறது என்பதை, பஸ்ஸில் ஏறுகிற பெண் போலீஸ் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்கு நீங்கள் ஃபயர்வால் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நாயன்மார் 63 பேரில் பெண்கள் 3 பேர். பல அலுவலகங்கள் இன்னும் அந்த விகிதத்தைப் பக்தியோடு காப்பாற்றுகின்றன. ஆனால் கோயில்களில் அந்த வரிசையைக் கவனியுங்கள்: எல்லாரும் நிற்க, எங்கள் காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். நாற்காலி கேட்பது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை.

ஆகவே எனக்கும் அத்தாச்சிக்கும் இரண்டு பணியிடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி திருவேட்டக்குடி என்.ஐ.டி.யிலேயே நடக்கட்டும், 2010-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, மத்தியானம் வந்து கடையைத் திறந்துவிடலாம்.

அழைப்புக் கடிதத்தைத் தமிழில் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் முத்திரையோடு வருவதையெல்லாம் அத்தாச்சி மோசடி என்று கிழித்துப் போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரி

இணைப்பு: ஆதார் நகல் (எண் மறைக்கப்பட்டது).