எட்டரைக் குதிரை காணோம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. போர்ட்டிகோவில் பழைய செய்தித்தாளை விரித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பேப்பர் கீழே கிடக்கிறது, படிப்பதாகத் தெரியவில்லை. சுற்றிலும் ஸ்பேனர்கள், கிரீஸ் டப்பா, பாதி வெட்டிய பெட்ரோல் கேன். தெருவுக்கு அவர் 'ஆர்.டி. சார்'. வார நாட்களில் வங்கியில் உட்கார்ந்து அடுத்தவர் கணக்கைச் சரிபார்ப்பவர். வீட்டில் அவருடைய சொந்தக் கணக்கு ஒன்று மட்டும் பல வருஷமாக உதைக்கிறது.

அந்தக் கணக்கு இதுதான். 1973-இல் யமஹா ஜப்பானில் ஆர்.டி.350 என்ற பைக்கைக் கொண்டுவந்தது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர், 39 குதிரைத்திறன். 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதே குடும்பத்து வண்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே விற்கத் தொடங்கியது. 'எவ்வளவு கொடுக்கும்?' என்று முதல் கேள்வியாக மைலேஜைக் கேட்கும் நாடு. அதற்கேற்ப இன்ஜினைச் சற்று அடக்கி வைத்தார்கள். ஹெச்.டி. மாடலில் 30.5 குதிரை. அடுத்து வந்த எல்.டி.யில் 27. ஜப்பானில் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கும் இங்கே டிரம் பிரேக்காக மாறியது. அதைப் பற்றி அவருக்கு எந்தப் புகாரும் இல்லை. வண்டியை நிறுத்துவது பற்றி அவர் யோசித்ததே கிடையாது.

அவருடையது ஹெச்.டி. முப்பத்தொன்பதில் முப்பதரை போனால் மீதி எட்டரை. அந்த எட்டரைக் குதிரையைத்தான் போர்ட்டிகோவில் தேடிக்கொண்டிருக்கிறார்.

இவரைப் போல ஊருக்கு நாலு பேர் உண்டு. கொஞ்சம் கை கடித்தால் ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பார்கள். 98 சிசி, 11 குதிரைதான். ஆனால் வைத்திருப்பவர் பேச்சைக் கேட்டால் ராக்கெட் என்று நினைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் பொதுவான அடையாளங்கள் சில. வலது கைக் கட்டைவிரல் நகத்தில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. பேச்சு நடுவே தெருவில் ஏதாவது டூ ஸ்ட்ரோக் போனால், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலைப் பார்க்கும் பழக்கம். இவருக்கு இது சிறு வயதில் சோழவரத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் அப்போது ரேஸ் நடக்கும். சித்தப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர் இன்னும் இறங்கவில்லை.

குதிரை எங்கே தொலைகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், காபி ஆறிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியே போகிற அதே நேரத்தில்தான் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. வந்த கலவையில் கொஞ்சம் எரியாமலே புகையோடு புகையாக நழுவிவிடும். "கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டுச் சாப்பிடாம நழுவுவாங்க பாருங்க, அந்த மாதிரி சார்" என்பார். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற வயிறு பெருத்த சைலன்சர் வாசலில் நிற்கும் பெண்வீட்டு மாமா. புகையின் அழுத்த அலை அதன் குறுகிய முனையில் மோதித் திரும்பி வந்து, நழுவியவர்களைக் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துவரும். சரியான நேரத்தில் திரும்பினால் குதிரை கூடும். நேரம் தப்பினால் மாமா காலிப் பந்தலில் நிற்பார்.

இன்னொரு வழி அரம். சிலிண்டரில் புகை வெளியேறும் ஜன்னலின் மேல்விளிம்பைக் கொஞ்சம் தேய்த்து உயர்த்தினால் மேல்வேகத்தில் சக்தி கூடும், கீழ்வேகத்தில் குறையும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் மகளின் டிராயிங் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, சிலிண்டருக்குள் சுருட்டிவைத்து, விரலால் அழுத்தி ஜன்னல்களின் அச்சை எடுத்துக்கொள்வார். மகள் பள்ளிக்குக் கொண்டுபோன நோட்டில் இயற்கைக் காட்சிக்கு அடுத்த பக்கத்தில் இடது சிலிண்டர் இருந்தது. டீச்சர் 'குட்' போட்டிருந்தார்.

பிஸ்டன் மாட்டும் நாள் வீட்டில் விசேஷ நாள். பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே போகிற பின் சுலபத்தில் நுழையாது. சுத்தியலால் தட்டினால் ராடு வளைந்துவிடும். பிஸ்டனைச் சூடாக்கினால் ஓட்டை மயிரிழை விரியும், பின்னைக் குளிரவைத்தால் மயிரிழை சுருங்கும். ஆகவே பின் ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். பிஸ்டன் இட்லிப் பானையில் வேகும். பத்து நிமிஷம் கழித்துத் துணியால் பிடித்து எடுத்து, கட்டைவிரலால் அழுத்தினால், வெண்ணெயில் கத்தி போல உள்ளே போய்விடும். அந்த ஒரு விநாடிக்காகத்தான் அவர் முகம் அப்படி மலர்கிறது.

மலர்ச்சி அடுத்த விநாடியே போய்விடும். பின் வெளியே வராமல் இருக்க இருபக்கமும் சிறிய கம்பி வளையம் போடவேண்டும். மூக்கு பிளையரால் அமுக்கும்போது அது 'டிங்' என்று எகிறும். இன்ஜினுக்குள் விழுந்தால் மொத்தத்தையும் பிரிக்கவேண்டும். அதற்காகத்தான் இன்ஜின் வாயில் துணி அடைத்திருப்பார். ஒருமுறை அது எதிர்ப்பக்கம் பறந்தது. மாமியார் உட்பட நாலு பேர் செல்போன் டார்ச்சோடு அரை மணி நேரம் தேடி, கடைசியில் துளசி மாடத்தில் கிடைத்தது. "பழசைத் திரும்பப் போடக்கூடாது" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். மாமியார் டார்ச்சை அணைக்காமல் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டமும் அவருக்குத் தெரியும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதிக்காத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தன் வண்டியை ஒருமுறை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். அந்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் இப்போது பரணில், கொலுப் பொம்மைகளுக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது.

போன ஞாயிறு உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் சத்தம் சரியில்லை. பாயின்ட்டைச் சுத்தம் செய்தார், டயல் கேஜ் வைத்து டைமிங் பார்த்தார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பதினொரு மணிக்கு மனைவி துணி காயப்போட வெளியே வந்தார்.

"ஏங்க, இடது பக்கம் அடிக்கலை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பக்கக் கொடியிலதான் எப்பவும் புகை படும். இன்னைக்கு உங்க சட்டை வெள்ளையா இருக்கு."

இடது பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் நனைந்து சொட்டியது. சத்தம் போடாமல் மாற்றினார். அடுத்த உதையில் இரண்டு சிலிண்டரும் பிடித்து, போர்ட்டிகோ முழுக்க நீலப்புகை. எதிர்வீட்டு ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. கொசு மருந்து வண்டி என்று நினைத்து இரண்டு பொடியன்கள் ஓடிவந்தார்கள்.

"நல்லா அடிக்குது. அப்படியே மார்க்கெட் வரைக்கும் போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் மனைவி.

"இதுலயா? புதுசா போர் பண்ண இன்ஜின். ரன்னிங்-இன்ல இருக்கும்மா" என்று சொல்லி, மனைவியின் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

போர் பண்ணி இது ஏழாவது வருஷம். மீட்டரில் 214 கிலோமீட்டர் ஏறியிருக்கிறது.