கலப்பத்தும் நாப்பது குதிரையும்

வா தம்பி, இரு. வலைக்கு மேல இராத, ஈரம். அந்தக் கதிரையை இழு.

என்ன, வருத்தம் பிடிச்ச கோழிக்குஞ்சைக் கொண்டு வாறமாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கொண்டு வாறாய்? ஓ, போனோ! ரப்பர் வளையமும் போட்டிருக்கிறாய். கண்ணாடியில வெடிப்பு வேற. மகாவலி கொட்டியாரக்குடாவில வந்து விழுற இடத்தைப் படம் கீறினமாதிரிக் கிளை கிளையாய்க் கிடக்குது. சரி, என்ன சங்கதி?

"அப்டேட் ஒண்டு வந்திருக்குது அப்பு, அடிக்கவோ, விடவோ?"

பாத்தியே! திருக்கடலூரில கம்பியூட்டர் படிச்ச பெடியள் எத்தினையோ பேர் இருக்க, வலை பொத்துற கிழவனைத் தேடி வந்திருக்கிறாய். என்ர பழைய எஞ்சின் இருபத்திரண்டு வருசம் ஓடினதால, பழசெல்லாத்துக்கும் நான் பரியாரி எண்டு நினைச்சியோ? அல்லாட்டி என்ர வாயால ஒரு குறிப்பிட்ட மறுமொழி வரவேணும் எண்டு வந்தியோ? எனக்கொரு சமுசயம் இருக்குது. அது கிடக்கட்டும், பிறகு அதுக்கு வருவம்.

எத்தினை நாளா உது கேக்குது? ரெண்டு மாசமோ! எட தம்பி, உன்னட்ட வீட்டில ஆரும் இவ்வளவு மரியாதையாக் கேக்கிறவையே? 'இப்ப செய்யட்டோ, ராவைக்குச் செய்யட்டோ, பிறகு ஞாபகப்படுத்தட்டோ' எண்டு கைகட்டி நிண்டு கேக்குது. நீ 'பிறகு' எண்டதை அமத்தி அமத்தி அந்த இடத்தில கண்ணாடியே தேய்ஞ்சு போச்சுது.

உனக்கு முன்னமே ஒருத்தன் இந்தக் குடாவுக்கு அப்டேட் அடிக்க வந்தவன், தெரியுமே? 1659 நவம்பரில மசூலிப்பட்டணத்துக் கடலில புயல் அடிச்சு 'ஆன்' எண்ட இங்கிலீசுக்காரற்ற கப்பலுக்குப் பாய்மரம் போச்சுது. புதுமரம் போடுறதுக்கு உந்தக் கொட்டியாரக்குடாவுக்குள்ள வந்தாங்கள். கப்பித்தான்ர பேரும் றொபேட் நொக்ஸ், மகன்ர பேரும் றொபேட் நொக்ஸ். பேருக்கும் பஞ்சம்போல. 1660 ஏப்ரலில கரையில இறங்கினவங்களைக் கண்டி ராசா இரண்டாம் இராசசிங்கன்ர ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். தகப்பன் அடுத்த வருசமே காய்ச்சலில செத்தான். மகன் தப்பி, அரிப்பில இருந்த ஒல்லாந்தற்ற கோட்டையில போய் ஏறேக்க 1679. பாய்மரம் மாத்த வந்தவனுக்குப் பத்தொன்பது வருசம்! உன்ர போன் இருபத்தைஞ்சு நிமிசம் எண்டுதானே கேக்குது?

பொறு, பொறு. 'அப்ப அடிக்கக் கூடாது, அப்பு சொல்லிப்போட்டார்' எண்டு எழும்பாத. பாய்மரம் இல்லாத கப்பல் எங்க போறது? மரம் மாத்த வந்ததில பிழையில்லை. மரத்தைப் பாத்தவங்கள் கரையை வடிவாப் பாக்காமல் இறங்கினாங்கள். பிழை அதிலதான்.

இனி உன்ர சங்கதியைப் பாப்பம். அப்டேட் எண்டு வாறது ஒரு சாதியில்லை தம்பி, ரெண்டு சாதி. ஒண்டு கலப்பத்து, மற்றது நாப்பது குதிரை.

கலப்பத்து நீ காணேல்லை, நீ பைபர் வள்ளத்துப் பிள்ளை. மரவள்ளத்தில பலகைக்கும் பலகைக்கும் நடுவில ஒரு இடுக்கு இருக்கும். அதில பஞ்சுத்திரியை வைச்சு, உளியால 'டொக் டொக்' எண்டு தட்டி இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசுறது. பூசி முடிச்சால் வள்ளம் பழைய வள்ளம்தான். வேகமும் கூடாது, வடிவும் கூடாது. தண்ணி வராது, அவ்வளவுதான். போனுக்கு வாற பாதுகாப்புத் திருத்தமும் அதே சாமான். ஒரு வீடியோவை மெசேஜில அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள்ள நுழையலாம் எண்ட ஓட்டையை 2015இல கண்டுபிடிச்சாங்கள். அந்த வருசம் ஓகஸ்டில இருந்து கூகிள்காரர் மாசாமாசம் கலப்பத்து அனுப்பத் தொடங்கிச்சினம். சின்னதா வரும். வந்தால் அடி. என்னட்டக் கேட்டுக்கொண்டு நிக்காத.

மற்றது பெரிசு. ஆண்ட்ராய்டுக்கு இலக்கம் மாறும், ஐபோனுக்கும் இலக்கம் மாறும், படமெல்லாம் மாறும், நீ பழகின பொத்தான் வேற மூலைக்குப் போயிருக்கும். அது பதினைஞ்சு குதிரைக்குக் கட்டின வள்ளத்தில நாப்பது குதிரை எஞ்சின் பூட்டுறமாதிரி. கட்டு நல்ல கட்டெண்டால் பறக்கும். கட்டுத் தளர்ந்ததெண்டால் அணியம் மேல எழும்ப, பின்பலகை வெடிக்கும். ஏறினபிறகு இறங்கவும் ஏணி இல்லை. பழைய இலக்கத்துக்குத் திரும்ப உன்னால லேசில ஏலாது.

'அப்டேட் அடிச்சால் போன் செத்துப்போகும்' எண்டு சந்தியில கதைக்கிறாங்கள் எண்டு சொல்லப்போறாய். அதுக்கும் ஒரு மூலக்கதை இருக்குது. 2017 சனவரியில ஆப்பிள்காரர் ஐபோன் 6, 6எஸ் வகையளுக்கு ஒரு அப்டேட் அனுப்பிச்சினம். பழைய பற்றரியின்ர குணம் தெரியுந்தானே? ஆறுதலாப் போனால் போகும். திடீரெண்டு வேகம் கேட்டால் குடுக்க ஏலாமல் போன் பொத்தெண்டு அணைஞ்சுபோகும். கிழட்டு எஞ்சினை ஒரேயடியாத் திறந்துவிட்டால் இருமிப்போட்டு நிக்குமே, அப்பிடி. அணையாமல் இருக்கவேணும் எண்டு அந்த அப்டேட் போன்ர வேகத்தைக் குறைச்சுவிட்டது. நோக்கம் நல்லதாய் இருக்கலாம். ஆனா வேகத்தைக் குறைக்கிறம் எண்டு போன் வைச்சிருக்கிறவனுக்கு நேர சொல்லேல்லை. சனம் பழசு இழுக்குது எண்டு புதுசுக்குக் காசு சேர்த்துது. டிசம்பரில குட்டு வெளிச்சாப்பிறகு மன்னிப்புக் கேட்டு, 79 டொலருக்கு மாத்தின பற்றரியை 29 டொலருக்கு மாத்திக் குடுத்தினம். 2020இல பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டமும் போட்டுது. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான் எண்டு சனம் சொன்னதில என்ன பிழை?

ஆனா அந்தக் கதையின்ர வாலை ஒருத்தரும் பிடிக்கிறேல்லை. பற்றரி மாத்தின போன் பழையபடி ஓடினது! குற்றத்தில பாதி மறைச்சவன்ர, மிச்சப் பாதி பற்றரியின்ர. 2025 சனவரியில கூகிளும் பிக்சல் 4ஏ போன்கள் கொஞ்சத்துக்குப் பற்றரியின்ர கொள்ளளவைக் குறைக்கிற அப்டேட் அனுப்பி, பற்றரியை இலவசமா மாத்தித் தாறம் எண்டுதான் சொன்னது. பழைய போனில முதலில கிழண்டுறது ஆர் எண்டு இப்ப விளங்குதே?

அடிக்காமல் இருந்து கெட்டவனின்ர கதையையும் கேள். இது கடல்காரனுக்கு வடிவா விளங்கும். வானத்தில சுத்துற ஜீபீஎஸ் செய்மதியள் கிழமையை எண்ணும். 1024 கிழமை முடிஞ்சால் திரும்பப் பூச்சியம். இருபது வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2019 ஏப்ரலில அப்பிடி ஒருக்கா திரும்பினது. ஆனா 2012இல வந்த ஐபோன் 5க்கு அந்தக் கணக்குப் பிழைக்கிற நாள் கொஞ்சம் பிந்தி, 2019 நவம்பர் 3. அதுக்கு முன்னம் ஒரு சின்ன அப்டேட் அடிச்சவனுக்கு ஒரு குறையுமில்லை. உன்னைப்போல 'பிறகு' எண்டு அமத்தினவனுக்கு இடமும் பிழைச்சுது, நாளும் பிழைச்சுது. நாள் பிழைச்சதால இமெயில் இல்லை, இன்ரநெற் இல்லை. பிறகு கம்பியூட்டரில கொழுவித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. வலை விட்ட இடமும் தெரியாது, இண்டைக்கு என்ன கிழமை எண்டும் தெரியாது எண்டால் நீ கடலில நிண்டென்ன, கரையில நிண்டென்ன?

ஒண்டை மட்டும் யோசி. வள்ளம் திருத்துற ஓடாவி இருக்குமட்டும்தான் கலப்பத்து. போனுக்கு ஓடாவி, அதைச் செய்த கம்பனி. 2013இல வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 சனவரியிலயும் ஓட்டை அடைச்சுக் குடுத்தினம். பிக்சல் 8க்கும் கலக்சி எஸ்24க்கும் ஏழு வருசம் தாறம் எண்டு சொல்லியிருக்கினம். மலிஞ்ச போன் சிலதுக்கு ரெண்டு மூண்டு வருசத்தோட ஓடாவி ஊரைவிட்டுப் போயிடுவான். அப்பிடிப் போன போனில பாட்டுக் கேள், ராவில டோர்ச் அடி. வங்கிக் கணக்கை மட்டும் அதில வைச்சிராத.

சரி, இனிக் கொண்டா உதை. செட்டிங்சுக்குள்ள போ. இன்னும் கீழ. அந்த எழுத்து எனக்குத் தெரியேல்லை, நீ வாசி. 'பாதுகாப்புத் திருத்தம்' எண்டு கிடக்குதோ? இலக்கம் மாறுதோ? இல்லைத்தானே. கலப்பத்து! இதுக்குத்தான் ரெண்டு மாசமா நித்திரை இல்லாமல் திரிஞ்சியோ?

இடம் எவ்வளவு கிடக்குது? ஐயோ, நிரம்பி வழியுது. உள்ளுக்க என்ன வைச்சிருக்கிறாய், காட்டு. 'இனிய காலை வணக்கம்' எண்டு ரோசாப்பூ. இன்னொரு ரோசாப்பூ. தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில ரோசாப்பூ. வட்ஸ்அப்பில வந்த ஒரு காலை வணக்கத்தையும் விடாமல் சேர்த்து வைச்சிருக்கிறாய்! வள்ளத்தில மீனை விடத் தண்ணி கூடினால் எஞ்சினைத்தான் குற்றம் சொல்லுவியோ? அழி. பிள்ளையின்ர படத்தை அழிச்சிடாத, அதுகளையும் தொலைபேசி இலக்கங்களையும் முதல்ல வேற இடத்தில கொப்பி எடு. வீட்டு வைஃபையில போடு, ரீலோட் காசைக் கரைக்காத. கடவுச்சொல் என்ர பேத்தியைக் கேள். பற்றரி 23 வீதமோ? உள்ளுக்க போய்ச் சார்ஜில கொழுவு. நடுவழியில அணைஞ்சால்தான் உண்மையா நொக்ஸ்ர கதை.

ஏன் தம்பி முழிக்கிறாய்? சந்தோசப்பட வேணுமெல்லோ?

இப்ப வாறன் முந்தி விட்ட கதைக்கு. நீ இந்தப் போன் பிழைக்கவேணும் எண்டு வரேல்லை. சாகவேணும் எண்டு வந்தனி! 'அப்பு அடிக்கச் சொன்னவர், அடிச்சன், போன் போச்சு' எண்டு மனிசியிட்டப் போய் நிண்டு, அவள் பிடிக்கிற சீட்டுக் காசில புதுசு வாங்க யோசினை. பழி எனக்கு, போன் உனக்கு. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் பாய்ஞ்ச நேரம், பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி லைனில நிண்டது இதே போனோடதானே? அப்ப 'என்ர செல்லம்' எண்டாய். இப்ப அதுக்கு வயசு போச்சோ?

உன்ர கள்ளம் எனக்கெப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறியோ? நானும் ஒரு காலத்தில பெடியன்தான். ஐயாவின்ர மரவள்ளம் எனக்கு வந்தது. கரையில பைபர் வள்ளங்கள் ஒண்டொண்டா இறங்கத் தொடங்கின காலம். எனக்கும் ஆசை. கலப்பத்து அடிக்காமல் விட்டன், தானாத் தாண்டு போகட்டும், பிறகு ஆர் என்னைக் கேக்கிறது எண்டு. வள்ளம் தாழேல்லை. நான்தான் நாள் முழுக்கக் குந்தியிருந்து பேணியால தண்ணி இறைச்சன். மீன் பிடிச்ச நேரத்தை விட இறைச்ச நேரம் கூட. மூண்டாம் மாசம் மனிசி கரைக்கு வந்தாள், வள்ளத்துக்குள்ள எட்டிப் பாத்தாள், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அடுத்தநாள் விடிய எழும்பினால், வாசல்படியில குங்கிலியமும் எண்ணெய்ப் போத்தலும் கிடக்குது. அந்த வள்ளம் பிறகு பதினொரு வருசம் ஓடினது.

எல்லாம் செய்தாச்சோ? கொப்பி எடுத்தாச்சோ? அப்ப அமத்து. 'பிறகு' இல்லை, மற்றது. ஆ, அதுதான். வட்டம் சுத்துது பார். அதையே பாத்துக்கொண்டிராத, பாத்தால் கெதியாச் சுத்தாது. இஞ்சால வா, இந்த வலைத்தலைப்பைப் பிடி. இறுக்கிப் பிடி. இருபத்தைஞ்சு நிமிசத்தில ரெண்டு கிழிசல் பொத்தலாம். என்ர ஆலோசனைக்குக் கூலி வேண்டாமோ?

நாளைக்குக் கொஞ்சம் சூடாகும், கொஞ்சம் இழுக்கும். உள்ளுக்க சாமானெல்லாம் ஒதுக்கி அடுக்குது, ரெண்டு நாள் பொறு. உடன என்னைத் திட்டாத. அடுத்த முறை நாப்பது குதிரை வந்தால், வந்த அண்டே பூட்டாத. ஒரு ரெண்டு கிழமை பொறு, உன்ர போன் மாதிரியே வைச்சிருக்கிறவன் பூட்டட்டும். அவன் கரைக்கு வந்து சேர்ந்தானெண்டால் நீயும் பூட்டு. கடலுக்குப் போறதுக்கு முதல் நாள் ராவு மட்டும் எந்த அப்டேட்டும் வேண்டாம்.

அந்தா, வெளிச்சம் வருது. எழும்பீட்டுது! கடவுச்சொல் கேக்குது, போடு. படமெல்லாம் இருக்குதோ? பிள்ளையின்ர படமும்? வட்ஸ்அப்? எல்லாம் இருக்குதெண்டால் ஏன் தம்பி முகம் வாடைக்காலத்துக் கடல்மாதிரிக் கறுத்துப் போகுது?

போ, நாளைக்கு ரவுணுக்குப் போய்ப் பற்றரியை மாத்து. மனிசி கேட்டால் அப்பு சொன்னவர் எண்டு சொல்லு, அந்தப் பழியை நான் சந்தோசமா ஏற்கிறன். புதுப்போன் யோசினை திரும்ப வந்தால், உனக்கு நல்லாப் பழகின பொத்தான் ஒண்டு இருக்குதெல்லோ, 'பிறகு' எண்டு? அதை அமத்து.