செவ்வாய் எங்கே போச்சு?

கேள்வி: சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி விமானம் ஏறினால் அதே தேதி விடியற்காலையில் நியூயார்க்கில் இறங்கிவிடலாமாமே! ஆறேழு மணி நேரம்தானா பயணம்?

பதில்: கடிகாரத்தைக் கேட்டால் அப்படித்தான் சொல்லும். முழங்காலைக் கேளுங்கள், உண்மை வரும்: பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல்! தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் (குளிர்காலத்தில் 13) பின்னால் ஓடுவதால் வந்த மாயம் இது. இதுபோன்ற நெடும்பயணங்களுக்கென்றே கூடுதல் எரிபொருள் ஏற்றும் ஏர்பஸ் ஏ350 ரகத்தை வைத்திருக்கிறது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். சாதாரண எகானமி இருக்கையே அதில் கிடையாது. முழங்கால் மீது கருணை; பர்ஸ் மீது இல்லை. போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகப் போவார்கள். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

லாபம் என்று துள்ளாதீர்கள். திரும்பும்போது திங்கள் இரவு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலை. செவ்வாய் முழுக்க ஆகாயத்திலேயே கரைந்துவிடும். செவ்வாய் வெறுவாய் என்று சும்மாவா சொன்னார்கள்!