கையில் நாலு குச்சி

கேள்வி: வைப்ரஃபோன் வாசித்தே ஒருவர் பிழைத்துவிட முடியுமா?

பதில்: அமெரிக்காவின் கேரி பர்ட்டன் பிழைத்தார். 7 கிராமி விருதும் வாங்கினார்.

உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் வாத்தியம் வைப்ரஃபோன். கைக்கு ஒரு குச்சி என்பதுதான் அன்று பலரின் வழக்கம். இந்தியானாவின் சிற்றூரில் வளர்ந்த பர்ட்டனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. கைக்கு இரண்டாகப் பிடித்துத் தனக்குத்தானே பக்கவாத்தியம் ஆனார். சம்பளம் மிச்சம்! அந்தப் பிடிக்கு இன்று அவர் பெயர்தான். ஒலி அதிர்ந்து அலைய இந்த வாத்தியத்தில் மோட்டார் உண்டு. அவரோ அதை அணைத்துவிட்டே வாசிப்பார். மின்கட்டணமும் மிச்சம்.

பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர், சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸின் குழுவில் வாசித்துப் பெயர் வாங்கி, 1971-ல் அதே கல்லூரிக்கு வாத்தியாராகத் திரும்பினார். 1985-ல் டீன், பிறகு நிர்வாகத் துணைத் தலைவர். பதவி ஏறினால் வாத்தியத்துக்கு உறைபோட்டு மூடிவிடுவது உலக வழக்கம். இவர் மேடையை விட்டது 2017-ல்தான்.

ஆக, பிழைக்கலாம். குச்சியோடு கல்லூரிச் சம்பளமும் இருந்தால் இன்னும் சௌகரியம்.