ஹாலின் பொருள்கோள்

செய்யுளில் கிடக்கும் சொற்களை எந்த வரிசையில் எடுத்துப் பொருள் கொள்வது என்பதற்கு நன்னூல் எட்டு வழி சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் சோபா செட்டைப் பார்த்திருக்க வழியில்லை. ஆயினும் மூன்று பேர் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு, டீப்பாய், ஷோகேஸ், டி.வி. ஸ்டாண்டு ஆகிய ஆறையும் பத்துக்குப் பதினாலு அடி ஹாலுக்குள் மாற்றிப் போட முனைந்த எவரும் ஒன்பதாவது வழி ஒன்றைக் கண்டாரில்லை. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வின் எல்லை. ரேழி, முற்றம், கூடம் என்று கட்டிய பழைய வீடுகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் வேலை முடிந்தது. நமக்கு இடம், அடுக்குமாடிக் குடியிருப்பு. பொழுது, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின். அகத்திணை மரபில் நண்பகல் பாலைக்கு உரியது. ஆனால் அந்நேரத்தில் ஹாலில் நிகழ்வதோ மருதத்துக்கு உரிய ஊடல். திணை மயக்கத்துக்குத் தொல்காப்பியர் தடை சொல்லவில்லை என்பதால் மேலே செல்லலாம்.

ஆற்றுநீர்ப் பொருள்கோளை, அதாவது எல்லாம் ஒரே போக்கில் ஒழுங்காகச் செல்வதை, கட்டுநர் தரும் வரைபடத்தில் மட்டுமே காண முடியும். அதில் வரைந்திருக்கும் சோபா எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம். திரைக்கேற்ற குஷன், குஷனுக்கேற்ற கால்மிதி என்று வரிசைக்கு வரிசை பொருத்துவது நிரனிறை; செலவு பிடிக்கும், விட்டுவிடலாம். சோபாவையும் திவானையும் ஒரே சுவரோரத்தில் இடம் மாற்றிப் போட்டுவிட்டு எட்ட நின்று பார்ப்பது மொழிமாற்று. நடுவில் நின்றுகொண்டு இரு பக்கமும் பொருந்துவது தாப்பிசை. டீப்பாய் அப்படித்தான், வருகிறவர் காலையும் இடிக்கும், போகிறவர் காலையும் இடிக்கும். எங்கே தூக்கிப் போட்டாலும் பொருள் மாறாதது அடிமறிமாற்று. இதற்குப் பிளாஸ்டிக் நாற்காலியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இலக்கண உரைகளில் இல்லை.

அளைமறிபாப்பு சற்று நின்று நோக்கத்தக்கது. வளைக்குள் நுழைந்த பாம்பு உடலை மடக்கித் திரும்புவதுபோல், ஈற்றுச் சொல் இடையிலும் முதலிலும் சென்று பொருந்துவது அது. ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் சோபா, நடையின் திருப்பத்தில் செய்ய வேண்டியதும் அதுதான். இதைக் கணிதவியலார் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் அலகு அகலமுள்ள நடை செங்கோணத்தில் திரும்பினால், அதில் மாட்டிக்கொள்ளாமல் திரும்பக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பளவு என்ன என்று 1966-இல் லியோ மோசர் கேட்டார். 1992-இல் ஜோசப் கெர்வர், பழைய தொலைபேசி ரிசீவரைப் போல வளைந்த ஒரு வடிவத்தைக் காட்டினார். பரப்பு ஏறத்தாழ 2.2195 சதுர அலகு. அதற்கு மேல் பெரிதாக முடியாது என்று கொரியாவின் ஜினியோன் பேக் 2024-இல் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நிரூபணம் ஒன்றை முன்வைத்தார். அந்தக் கணக்கில் சோபா தரையை விட்டு எழும்பக் கூடாது. நம் வீடுகளில் அப்படி நிபந்தனை கிடையாது. “நிமுத்திப் பிடிங்க மாமா, கையை உள்ள விட்டுக்குங்க” என்று எதிர்வீட்டுப் பையன் சொல்லும்போது நிரூபணம் முடிந்துவிடுகிறது.

கொண்டுகூட்டில் கரைகண்டவர் நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டு உரையில் எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து, பல அடிகளுக்கு அப்பால் உள்ள இன்னொன்றோடு முடிச்சுப் போடுவார். வீட்டுக்கு வீடு அப்படி ஒருவர் உண்டு. பெரும்பாலும் அடுப்படி வாசலில் நின்றபடியே உரை செய்வார்.

“என்னங்க, பால்கனியில இருக்கிற பிரம்பு நாற்காலி ஷோகேஸ் பக்கத்துல வந்தா எப்படி இருக்கும்?”

“ஷோகேஸ் எங்க இருக்கும்?”

“அது கன்னி மூலைக்குப் போயிடும். அங்க கனம் இருக்கணும்னு அத்தை சொல்லிக்கிட்டே இருக்காங்கள்ல.”

ஷோகேஸ் நகர வேண்டுமென்றால் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். சலவைக்கல் தாஜ்மகால், தலையாட்டிப் பொம்மை, ஐந்தாம் வகுப்பு மாறுவேடப் போட்டிக் கோப்பை, கல்யாணத்துக்கு வந்து இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கும் கடிகாரம் எல்லாம் செய்தித்தாள் மேல் இறங்குகின்றன. கால்மிதியைத் திருப்பிப் போட்டு முன்காலுக்கு அடியில் செருகி இழுத்தால் ஷோகேஸ் வழுக்கிக்கொண்டு வருகிறது. அது நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைச் செவ்வகம். சுவரின் மற்ற பகுதி இரண்டு முறை வண்ணம் மாறியும், ஷோகேஸை நகர்த்தச் சோம்பிய பெயின்டர்களால் காப்பாற்றப்பட்ட மூலபாடம் அது. அதன் காலடியில் ரிமோட்டின் மூடி, வேர்க்கடலைத் தோல், பொட்டு அட்டை, ஒரு ஐம்பது பைசா. இவை இடைச்செருகல் என்பது என் துணிபு.

மூலபாடம் தெரிந்துவிட்ட பின் பெயின்ட் அடிக்காமல் இருக்க முடியாது. தொல்காப்பியர் சொன்ன நான்கு பொருள்கோள்களில் சுண்ணம் என்று ஒன்று உண்டு. சொற்களைப் பொடி தூவியதுபோல் சிதறிவிடுவது. நன்னூலார் தம் எட்டில் அந்தப் பெயரைச் சேர்க்கவில்லை. பட்டி பூசிய சுவரை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் நாளில் ஹாலில் நின்று பார்த்தவர்கள் தொல்காப்பியர் பக்கமே சாய்வார்கள். உப்பு டப்பா வரைக்கும் வெள்ளை.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஆளுவது ஒன்று இருக்கிறது. சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் வாக்கியம் ஒரு பயனிலையில் போய் முடிந்தாக வேண்டும். ஹாலின் பயனிலை பிளக் பாயின்ட். வீட்டுக்காரர் தம் ரசனை, மனைவியார் தம் கனவு, அத்தை தம் வாஸ்து என்று எழுவாய்களை எத்தனை வேண்டுமானாலும் நகர்த்தலாம். டி.வி. எங்கே என்பதை ஒயரிங் அன்றே ஓர் எலக்ட்ரீஷியன் முடிவு செய்துவிட்டார். சோபா எங்கே என்பது அதற்கும் முன்பே, கான்கிரீட் கொட்டுவதற்குள் கம்பியில் ஃபேன் கொக்கியைக் கட்டியவரால் தீர்ந்துபோன விஷயம். 1200 மில்லிமீட்டர் வீச்சுள்ள மின்விசிறிக்கு அடியில் வராத சோபாவில் மே மாதத்தில் யாரும் உட்காருவதில்லை. துணி மடிக்கத்தான் ஆகும். உள் அலங்கார நூல்கள் வெளிச்சம், வண்ணம், வெற்றிடம் என்று பக்கம் பக்கமாகப் பேசிவிட்டுக் கொக்கியைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் போவது இத்துறையின் பெருங்குறை.

கன்னி மூலைக்குப் போன ஷோகேஸ் ஹாலின் ஒரே பிளக் பாயின்ட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இங்கேதான் விற்பூட்டு வேலைக்கு வருகிறது. வில்லின் இரு முனையையும் நாண் இணைப்பதுபோல், செய்யுளின் முதற்சொல்லும் ஈற்றுச்சொல்லும் சேர்ந்து பொருள் தருவது. நாண், மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர். சுவரோரமாகப் போய், கதவு நிலையைத் தாண்டும் இடத்தில் கால்மிதிக்கு அடியில் ஒளிந்து, டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் எழுந்து நிற்கும். இரண்டு பேர் தடுக்கி விழுந்ததும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போகிறது.

முன்னோர் உரையை மறுத்துத் தம் உரையைத் தொடங்குவது உரையாசிரியர் மரபு. அவர் ஷோகேஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“யார் சார் இங்க கொண்டுபோய் பாயின்ட் வச்சது?”

பிறகு, பெயின்ட் வாசம் இன்னும் போகாத எதிர்ச்சுவரில் பென்சிலால் தரையிலிருந்து மேல் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். இந்த வழியாகச் சுவரைக் கட் பண்ணிப் பைப் இறக்கினால் அரை நாள் வேலை என்றார். பூசிக் கொடுப்பது அவர் கணக்கில் வராது, அதற்குத் தனியாகக் கொத்தனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.