அமெரிக்கக் கடிதம்: வெடிக்கும் டப்பாவும் வேலை மிச்சமும்

அமெரிக்கப் பலசரக்குக் கடையில் பிஸ்கட் மாவைத் தேடுகிறவர் மைதாவும் சர்க்கரையும் இருக்கும் பக்கம் போகக் கூடாது. பால், வெண்ணெய், முட்டை எல்லாம் வைத்திருக்கும் குளிர்பெட்டி வரிசையில்தான் அது இருக்கும். ஒரு சாண் நீள அட்டைக் குழாய்; இரண்டு முனையிலும் தகர மூடி; மேலே வழுவழுப்பான காகிதம். உள்ளே, பிசைந்து வட்டமாக வெட்டிய மைதா மாவு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பெரிய ரகத்தில் எட்டு வட்டம், எடை சுமார் 460 கிராம். சின்ன ரகத்தில் பத்து. இங்கே பிஸ்கட் என்பது டீயில் முக்கிச் சாப்பிடும் மொறுமொறுப்பான சமாசாரம் அல்ல. ஈஸ்ட் சேர்க்காமல் பேக்கிங் பவுடரால் உப்பவைத்த, மெத்தென்ற சிறு ரொட்டி. காலைப் பலகாரத்திலும் கோழி வறுவலுக்குப் பக்கத்திலும் அதற்கு நிரந்தர இடம் உண்டு.

டப்பாவைத் திறப்பதுதான் சமையலின் முதல் கட்டம், கடினமான கட்டமும் அதுவே. மேல்காகிதத்தை உரித்தால் அட்டையைச் சுற்றி ஒட்டிய தடம் கோணலாகத் தெரியும். அந்தத் தடத்தின்மேல் ஸ்பூனால் அழுத்த வேண்டும் என்பது டப்பாவில் எழுதியிருக்கும் விதி. பல சமயம் விதியைப் படித்து முடிப்பதற்குள், காகிதம் உரியும்போதே ‘டொப்’ என்று வெடித்து மாவு பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். தீபாவளிக்கு லட்சுமி வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்திப் போட்ட வீரர்கள்கூட இந்தக் குழாயை முகத்துக்கு எட்டப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு உரிப்பதை இங்குள்ள தமிழ் வீடுகளில் காணலாம். லட்சுமி வெடிக்காவது திரி உண்டு.

வெடிப்புக்குக் காரணம் உள்ளே நடக்கும் ரசாயனம். மாவில் சோடா உப்பும் அதோடு சேர்ந்து வாயுவைக் கிளப்ப ஓர் அமிலச் சரக்கும் இருக்கின்றன. மோரோ எலுமிச்சையோ என்றால் பட்டதுமே பொங்கி ஓய்ந்துவிடும். கடையில் வாரக்கணக்கில் காத்திருக்காது. அதனால் சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது குளிரில் சோம்பிக் கிடக்கும். ஓவன் சூடு பட்டால்தான் முழு மூச்சாக வேலை செய்யும். ஆலையில் மாவைக் குழாயில் இட்டு மூடியபின் சிறிது நேரம் வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். கொஞ்சம் கரியமில வாயு கிளம்பி மாவு உப்புகிறது. உப்பிய மாவு குழாய்க்குள் இருந்த காற்றை மூடியோர இடுக்கு வழியே வெளியேற்றிவிட்டு, அந்த இடுக்கையும் தானே அடைத்துக்கொள்கிறது. பிறகு குளிரூட்டி அனுப்புகிறார்கள். உள்ளே பிராணவாயு இல்லாததால் பூஞ்சணம் பிடிப்பதில்லை. ஆக, சமையலறையில் எல்லாரையும் பதறவைக்கும் அந்த அழுத்தம்தான் மாவுக்குக் காவல். அந்த அமிலச் சரக்கு அடிநாக்கில் லேசாக ஓர் உலோகச் சுவையை விட்டுவிட்டுப் போகும். பட்டைப்பொடியோ மிளகோ தாராளமாக விழுந்தால் அது தெரியாது.

இந்தக் குழாய் வருவதற்கு முன்னால் பிஸ்கட் என்பது தென்மாநிலங்களின் அன்றாட உழைப்பு. பேக்கிங் பவுடர் பரவாத காலத்தில் ‘பீட்டன் பிஸ்கட்’ என்று ஒன்று செய்தார்கள். மாவை மரக்கட்டையின்மேல் போட்டு, அரை மணி நேரம், விருந்தாளி வந்தால் இன்னும் கூடுதலாக, அடித்துத் துவைப்பார்கள். அடித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். பதம் சரியில்லை என்று சொன்னவர்கள் வேறு ஆட்கள். பேக்கிங் பவுடர் வந்தபின் அடி நின்றது. டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில்லில் 1883-இல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவு, பசைத்தன்மை குறைந்த மென்கோதுமையில் அரைத்தது, தென்னகப் பாட்டிமார்களின் வேதமாயிற்று. அந்தப் பாட்டிமார்களுக்கும் டப்பா மாவுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

டப்பா மாவுக்குக் காப்புரிமை வாங்கியவர் லைவ்லி வில்லோபி என்ற பேக்கரிக்காரர். கென்டக்கி மாநிலத்து லூயிவில்காரர். மாவு வட்டங்களைத் தகரத்தாளில் சுற்றி, அட்டைக் குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் குழாய்கள் வெடித்து மாவு வீட்டுக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது என்று கதை உண்டு. காப்புரிமை கிடைத்த ஆண்டு 1931. பாலர்ட் அண்ட் பாலர்ட் என்ற உள்ளூர் மாவு மில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1951-இல் மினியாபொலிஸின் பில்ஸ்பரி அந்த மில்லையே வாங்கிக்கொண்டது. நம் ஊரில் இட்லி மாவு பாக்கெட்டுக்கு நடந்தது இங்கே இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே நடந்துவிட்டது: முதலில் வாங்குகிறவர் வெட்கப்பட்டார், பிறகு வீட்டில் அரைக்கிறவர் வினோதப் பிறவி ஆனார்.

1965-இல் சிக்காகோ விளம்பர நிறுவனமான லியோ பர்னெட்டில் இருந்த ரூடி பெர்ஸ், திறந்த குழாயிலிருந்து ஒரு மாவுப் பொம்மை குதித்து வருவதாகக் கற்பனை செய்தார். சமையல்காரத் தொப்பியும் கழுத்துக்குட்டையும் போட்ட அந்த வெள்ளைப் பொம்மையின் தொந்தியை ஒரு விரல் குத்தும். அது ‘ஹூ ஹூ’ என்று சிரிக்கும். வெடித்துப் பயமுறுத்துகிற ஒரு பண்டத்தை இதைவிடச் சாதுவாகக் காட்ட முடியாது. சமையல் போட்டிகளும் கைகொடுத்தன. பில்ஸ்பரி 1949-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் தொடங்கிய ‘பேக்-ஆஃப்’ போட்டியில், 1969-இல் முதல் பரிசு பெற்றது குழாய் மாவுப் பலகாரம்தான். மார்ஷ்மெல்லோவை வெண்ணெயிலும் பட்டைச் சர்க்கரையிலும் புரட்டி, முக்கோண மாவில் சுருட்டி, ஓவனில் வைத்தார்கள். வெந்தபோது உள்ளே இருந்தது உருகி மாவோடு மாவாகிப்போய், நடுவில் இனிப்பான பொக்கை மட்டும் மிஞ்சியது. காணாமல் போனதற்குப் பரிசு கொடுத்த சமையல் போட்டி வேறு இருக்காது.

இனிச் சுருக்குவழிகள். ஓவனில் வைப்பவை எல்லாவற்றுக்கும் பொதுவான முதல் வேலை ஓவனை முன்கூட்டியே சூடேற்றுவது. தமிழ் வீடுகளில் அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: ஓவனுக்குள் அடுக்கிவைத்திருக்கும் வாணலி, தோசைக்கல், இட்லிக் குண்டான் எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. மறந்தால் பிளாஸ்டிக் பிடியின் வாசனை நினைவூட்டும்.

எட்டு வட்டம் கொண்ட இரண்டு டப்பாவுக்கு உள்ளதிலேயே சிறந்த கதி, மங்கி பிரெட். ஒவ்வொரு வட்டத்தையும் நான்காக வெட்டவேண்டும். அரை கப் சர்க்கரையையும் ஒரு தேக்கரண்டி பட்டைப்பொடியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மாவுத் துண்டுகளை அதில் இட்டுக் குலுக்கினால் எல்லாத் துண்டும் சட்டை போட்டுக்கொள்ளும். குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே வேலை இது. நடுவில் குழல் வைத்த பண்ட் பாத்திரத்தில் வெண்ணெய் தடவித் துண்டுகளை நிரப்பி, முக்கால் கப் உருக்கிய வெண்ணெயில் ஒரு கப் பழுப்புச் சர்க்கரையைக் கலந்து மேலே ஊற்றி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 175 செல்சியஸில், அரை மணி நேரம் வைக்கவேண்டும். நடுக்குழல் வெறும் அலங்காரம் இல்லை; குவியலின் நடுவிலும் சூடு போய்ச்சேர வழி. வெளியே எடுத்ததும் கவிழ்க்கக் கூடாது, பாகு கையில் வழியும். ஆறவிட்டும் கவிழ்க்கக் கூடாது, கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி இறுகிப் பாத்திரத்தை விடாது. ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் தட்டில் கவிழ்த்தால் பொன்னிற மாவுருண்டைகள் பாகு சொட்டக் கோபுரமாக நிற்கும். கத்தி தேவையில்லை, ஆளுக்கொரு உருண்டையாகப் பிய்த்துக்கொள்வதே முறை. அதிபர் ரீகனின் மனைவி நான்சி இதை வெள்ளை மாளிகை மேஜைக்கே கொண்டுபோனார். ஆனால் அது ஈஸ்ட் போட்டுப் பொறுமையாகப் பிசைந்த ரகம்.

அடுத்தது டோநட். வட்டத்தின் நடுவில் சோடா பாட்டில் மூடியால் ஓட்டை போட்டு, எண்ணெயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம்போல் பொரித்து, சூட்டோடு சர்க்கரையில் புரட்டினால் முடிந்தது. உளுந்து வடை சுட்ட கைக்கு இதில் கற்க ஒன்றும் இல்லை. தீயை மட்டும் நிதானமாக வைக்கவேண்டும். எண்ணெய் புகைந்தால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும்.

கோழிச்சாறு கொதிக்கும்போது மாவைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டு, மூடி, தணலில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ‘சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்’. நடுவில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது; ஆவியில்தான் மேல்பாகம் வேகவேண்டும். மாவிலிருந்து உதிர்வதே சாற்றைக் கெட்டியாக்கிவிடும். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் கிடைக்காத இரவில் இது மோசமில்லை. பிஸ்கட்டைச் சுட்டு, பன்றி சாசேஜ் வறுத்த கொழுப்பில் மாவும் பாலும் ஊற்றிக் கிளறிய வெள்ளைக் குழம்பை மேலே விடுவது இன்னொரு வழி. பார்வைக்கு வால்பேப்பர் ஒட்டும் பசை. மிளகுத்தூள் போதிய அளவு விழுந்திருந்தால் நாக்கு மறுப்பதில்லை.

பீட்சா மட்டும் வேண்டாம். வட்டங்களைத் தட்டி, தக்காளிச் சாஸும் சீஸும் போட்டு 375 டிகிரியில் வைப்பது எல்லாச் செய்முறைப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் மாவில் ஏற்கனவே இனிப்பும் கொழுப்பும் இருப்பதால் அடிப்பாகம் இறுகாமல் கேக் மாதிரி பொலபொலக்கும். பீட்சாக் கடைக்குப் போன் செய்வதே இதைவிடச் சுருக்குவழி.

அமெரிக்காவுக்கு வந்த இந்தியர்கள் இந்தக் குழாய்க்கு வேறொரு வேலை கண்டுபிடித்தார்கள்: பட்டூரா. வட்டத்தை எண்ணெய் தொட்டுப் பூரிக்கட்டையால் தேய்த்துக் காயும் எண்ணெயில் போட்டால் பலூனாக எழும்பும். தயிர் ஊற்றிப் பிசைந்து இரவெல்லாம் ஊறவைக்கும் வேலை மிச்சம். இதற்கு அடுக்கடுக்காகப் பிரியும் ‘ஃப்ளேக்கி’ ரகத்தை வாங்கினால் தேய்க்கும்போதே தோல் உரியும். சாதா ரகம்தான் சரி. சென்னாவில் வழக்கத்தைவிட ஒரு பச்சைமிளகாய் கூட விழவேண்டும், மாவின் இனிப்பை அது ஈடுகட்டும். உருளைக்கிழங்கு மசாலாவை நடுவில் வைத்து மூடி, மேலே பால் தடவி ஓவனில் வைத்தால் நம் பேக்கரி மசாலா பன்னுக்குத் தூரத்து உறவாக ஒன்று கிடைக்கும். டீக்கடை முட்டை பப்ஸை எதிர்பார்த்து இந்த மாவை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். அதற்கு உறைபெட்டியில் இருக்கும் பஃப் பேஸ்ட்ரி தாளைத் தேடவேண்டும். இனிப்பும் காரமும் எப்படிச் சேர்த்தாலும், சுட்டுச் சாப்பிடுவதைவிடப் பொரித்துச் சாப்பிடும்போதே இந்த மாவு தமிழ் நாக்கோடு ஒத்துப்போகிறது.

வாங்குமுன் உட்பொருள் பட்டியலைப் படிப்பது நல்லது. சில ரகங்களில் பன்றிக்கொழுப்போ மாட்டுக்கொழுப்போ இருக்கக்கூடும்; சைவர்களும் முஸ்லிம்களும் அட்டையின் முகப்புப் படத்தை நம்பக் கூடாது. செயற்கை வனஸ்பதிக் கொழுப்பு 2018-க்குப்பின் அமெரிக்க உணவுகளில் அநேகமாக ஒழிந்துவிட்டது, உப்பு ஒழியவில்லை. சோடா உப்பு, பாஸ்பேட், சாப்பாட்டு உப்பு மூன்றும் சோடியம்தான் என்பதால் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஒரு வட்டமே அதிகம். மைதா பச்சையாக வயிற்றுக்கு ஆகாது; மாவை வேகாமல் சுவை பார்க்கக் கூடாது. டப்பா பிரிட்ஜில்தான் இருக்கவேண்டும், உறைபெட்டியில் அல்ல. திறந்தபின் மீதியை மூடிவைக்க வழியில்லை என்பதால் எட்டும் ஒரே நாளில் வெந்தாக வேண்டும்.

ஊருக்கு வரும்போது நாலு டப்பா கொண்டுவரச் சொல்கிறவர்களுக்கு: இது பயணம் தாங்கும் சரக்கில்லை. இருபது மணி நேரம் குளிர் இல்லாமல் இருந்தால் பெட்டிக்குள்ளேயே வெடிக்கும். பட்டுப்புடவையில் ஒட்டிய மாவு எந்தச் சலவையிலும் போகாது. அங்கேயே இரண்டு கப் மைதாவில் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சோடா உப்பு, முக்கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, பிரிட்ஜிலிருந்து எடுத்த ஆறு மேசைக்கரண்டி வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்துப் பிசிறி, முக்கால் கப் கெட்டி மோர் விட்டு அழுத்தாமல் திரட்டி, வட்டமாக வெட்டி 220 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் வைத்தால் டப்பாவைவிட நன்றாகவே வரும்.