மீனுக்கு 25, மனிதருக்கு 21

செப்டம்பர் முடிகிற நேரத்தில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் குளியல் தொட்டிக்குள் செர்ரி பார்ப் மீன்கள் நீந்துகின்றன. அங்கே வாடகைக்கு இருக்கும் இக்கட்டுரையாளர் வாளியில் மொண்டு, ஓரமாக நின்று குளிக்கிறார், சவர்க்கார நுரை தொட்டிக்குள் தெறித்துவிடாமல். “ரெண்டு நாளைக்குத்தான் தம்பி. அதுகள் பாவம், குளிர் தாங்காதுகள்” என்று வீட்டுக்கார அண்ணை சொல்லிப் பல நாளாகிறது. மேல்வீட்டிலும் ஒரு குளியல் தொட்டி உண்டு. அதற்கு வீட்டுக்கார அக்கா சம்மதிக்கவில்லை.

கோடையில் பின்வளவுத் தொட்டிகளில் விட்ட மீன்களைக் குளிருக்கு முன் வீட்டுக்குள் கொண்டுவரும் கூத்து இது.   முதலில் தங்கமீனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் மேலே பனிக்கட்டி மூடினாலும் ஆழமான குளத்தின் அடித்தண்ணீர் ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே நிற்கும். தங்கமீன் அங்கே போய்க் கிடந்து, சாப்பாடும் கேட்காமல் வசந்தம்வரை காலம் தள்ளும். அப்படிப்பட்ட குடித்தனக்காரரை எந்த வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அண்ணையின் பின்வளவுத் தொட்டிகளில் இருப்பவை கப்பியும் வாள்வால் மீனும் செர்ரி பார்பும். “எங்கட நாட்டு மீனல்லோ” என்கிறார். 1929இல் பி. இ. பி. தெரணியகல அறிவியல் பெயர் சூட்டிய செர்ரி பார்ப், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகளுக்கு உரியது. அண்ணை பிறந்தது பருத்தித்துறையில். இரண்டு பேரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது ரொறன்ரோவில்தான்.

இரவுச் சூடு 15 டிகிரிக்குக் கீழே போகும் என்று தொலைபேசி சொன்னதும் மீன்பிடி தொடங்கும். வலை இடமிருந்து வந்தால் மீன் வலப்பக்கம் போகும். இரண்டு வலை போட்டால் அடிக்குப் போகும். பாசியை அள்ளி வெளியே போட வேண்டும், கல்லை எடுக்க வேண்டும், தண்ணீரை இறைக்க வேண்டும். பிறகு கடைசி மீன் என்ற விவகாரம். எது கடைசி மீன் என்று தெரிய, மொத்தம் எத்தனை என்று தெரிய வேண்டும். கப்பி நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடுகிறது. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தை மாதக்கணக்கில் சேமித்துவைத்து மறுபடியும் மறுபடியும் குட்டி போடும். ஆகவே மேயில் விட்ட கணக்கு ஜூலையில் செல்லாது, ஜூலைக் கணக்கு செப்டம்பரில் செல்லாது. அண்ணை உற்றுப் பார்க்கிறார். சிவப்பாக ஏதோ மினுங்குகிறது. “அந்தா, செர்ரி பார்ப்!” வலைக்குள் வருவது மேப்பிள் இலை. இன்னொரு தரம். இன்னொரு இலை. கடைசியில் மிஞ்சிய சேற்றுத் தண்ணீர் முழுவதும் தேநீர் வடிகட்டியால் வடிக்கப்படுகிறது. டார்ச் பிடிக்கும் வேலை குடித்தனக்காரருக்கு. வடிகட்டியில் தும்பியின் குடம்பி ஒன்று அகப்பட்டது. மீன்குஞ்சு தின்னும் ஜாதி. அதன் சகோதரங்கள் பாசியோடு உள்ளே வந்திருந்தால், தைமாதப் பனியில் வரவேற்பறையில் தும்பி பறக்கும். வடிகட்டி யாருடையது என்பதை இங்கே சொல்லாமலிருப்பதே மரியாதை. இவ்வளவும் முடிந்து அண்ணை நிமிர்ந்து, “ஒண்டு குறையுது” என்றார். எதிலிருந்து குறைகிறது என்று கேட்பதற்கு அந்நேரத்தில் யாருக்கும் தெம்பில்லை.

உள்ளே வந்ததும் உபசாரம். சூடு மெதுவாகச் சமப்பட, மீனைப் பையோடு மிதக்கவிட வேண்டும். குளிர்ந்து களைத்த மீனை வெண்புள்ளி நோய் சுலபமாகப் பிடிக்கும். ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் குளோரமீன் இருக்கிறது. குளோரின்போல இரவு திறந்து வைத்தால் பறந்துவிடாது, மருந்து விட்டுத்தான் முறிக்க வேண்டும். மீன்தொட்டி வடிகட்டியின் பஞ்சைக் குழாயில் கழுவினால் அதில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, அம்மோனியா ஏறிவிடும். ஆகையால் அந்த நாறல் பஞ்சும் ஒரு வாளியில் பத்திரம்.

குளியல் தொட்டிக்குப் பின் மீன்கள் போய்ச்சேரும் கண்ணாடித் தொட்டி ஏன் பேஸ்மென்டில் வைக்கப்படுகிறது என்றால், 200 லீட்டர் தண்ணீர் 200 கிலோ. கண்ணாடியும் கல்லும் வேறு. மேல்வீட்டு மரத்தளத்தைப் பற்றி அண்ணைக்குக் கவலை, கொங்கிரீட் தரையைப் பற்றி இல்லை. இப்படியாக இக்கட்டுரையாளரின் கட்டிலருகே குளிர்காலம் முழுவதும் 25 டிகிரி வெந்நீர் நிற்கும். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது மாநகர விதி. அண்ணை அதற்குமேல் அரை டிகிரியும் ஏற்றமாட்டார். மீனின் சூட்டைக் காட்டத் தொட்டியிலேயே ஒரு வெப்பமானி, அது பொய் சொன்னால் பிடிக்க இன்னொன்று. மனிதரின் சூட்டைத் தீர்மானிக்கும் பெட்டி மேல்வீட்டில், பூட்டிய அறையில்.

ஆற்றில் விடலாமே என்று கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் விடுவது சட்டவிரோதம், காரணமும் உண்டு. அல்பேர்ட்டா மாகாணத்துப் பான்ஃபில் வெந்நீரூற்றுச் சதுப்பொன்று இருக்கிறது. கொசுவைத் தின்னட்டும் என்று 1924இல் அதற்குள் கம்பூசியா மீனை விட்டார்கள். பின்னாளில் வீட்டுத்தொட்டி மீன்களையும் யாரோ கொட்டினார்கள். வெளியே பனி கொட்டும்போதும் ஊற்றுச் சூட்டில் மோலி மீன்கள் நீந்துகின்றன. அங்கே மட்டுமே வாழ்ந்த பான்ஃப் லோங்நோஸ் டேஸ் என்ற சிறுமீன் அற்றுப்போய்விட்டது.

இதை ஒரு பாடமாகத்தான் இக்கட்டுரையாளர் அண்ணையிடம் சொன்னார். அண்ணை வலையைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: “அங்க வீடு என்ன விலை போகுதாம் தம்பி?”